விழிப்புணர்வு குறைவு என்று முடியும் கட்டுரைகள்

ரெண்டு மாசமா ஒரு வினோதமான வாசிப்பில் இருக்கிறேன். விளையாடும்போது பல் உடையாமல் இருக்க வாயில் போட்டுக்கொள்ளும் மவுத்கார்டு பற்றி நம் நாட்டுப் பல் மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். நிறைய இருக்கின்றன. பத்து படித்த பிறகு பதினொன்றாவதின் கடைசி வரியைப் பக்கத்தைத் திருப்பாமலே சொல்லிவிடலாம். வீரர்களிடையே (அல்லது பயிற்சியாளர்களிடையே, அல்லது உடற்கல்வி ஆசிரியர்களிடையே) மவுத்கார்டு பற்றிய விழிப்புணர்வு குறைவாக இருக்கிறது, பல் மருத்துவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஊர் மாறும், கல்லூரி மாறும், சதவீதம் மாறும். முடிவு மட்டும் மாறாது.

இந்த வகைக் கட்டுரையை ஒரு இலக்கிய வடிவம் மாதிரி எடுத்துக்கொண்டு கொஞ்சம் விமர்சனம் செய்யலாம் என்று தோன்றியது. குறிப்பிட்ட ஒருவருடைய கட்டுரையை எடுத்துக் கிழிப்பது நோக்கமில்லை. மேற்படிப்பு மாணவர் ஒருவர், மூன்று வருடத்துக்குள் ஆய்வேடு முடிக்க வேண்டும், நோயாளிகளையும் பார்க்க வேண்டும், கைக்காசு கிடையாது. கேள்வித்தாள் அச்சடித்து மைதானத்துக்குப் போவதுதான் அவரால் முடியும். அந்தச் சூழ்நிலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வடிவம் என்று ஒன்று உருவாகிவிட்டால், அது எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது.

வடிவம் இதுதான். பதினைந்து இருபது கேள்விகள். மவுத்கார்டு பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? விளையாட்டில் பல் அடிபட்டதுண்டா? மவுத்கார்டு போட்டால் தடுக்கலாம் என்று தெரியுமா? தெரிந்தால் போடுவீர்களா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் 'போடுவேன்' என்று டிக் அடிக்கிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் எதிரே நின்று கேட்டால் நானும்தான் அப்படி டிக் அடிப்பேன். பிறகு ஆண், பெண், வயது, ஆட்டம் என்று பிரித்து ஒரு கை-வர்க்கச் சோதனை. முடிந்தது.

இதில் கேட்கப்படாதவை: விலை என்ன? யார் வாங்கித் தருவது? வாங்கிய பிறகு ஆறு மாதம் கழித்து அது எங்கே கிடக்கிறது? உடைந்த பல்லை என்ன செய்தீர்கள்? எவ்வளவு நேரத்தில் மருத்துவரிடம் போனீர்கள்? 'தெரியாததால்தான் போடுவதில்லை' என்று முதல் பக்கத்திலேயே முடிவு கட்டிவிட்டு, தெரியுமா தெரியாதா என்று மட்டும் கேட்டால், கிடைக்கிற பதிலும் அதுவாகத்தான் இருக்கும். ஹெல்மெட் விஷயத்தில் நமக்குத் தெரியாதா என்ன? நாட்றம்பள்ளி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால், ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் விழிப்புணர்வு உள்ளவர்கள்தான்.

சரி, போட்டால் உண்மையிலேயே பலன் உண்டா? உண்டு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2007-ல் நேப்பிக் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போடாதவர்களுக்கு வாய், முகக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.6 முதல் 1.9 மடங்கு அதிகம் என்று வந்தது. 2019-ல் அதே நேப்பிக் மறுபடி தொகுத்தபோது ரெண்டு மடங்குக்குச் சற்று மேலே போனது. ஆனால் கடைக்காரர்கள் இதோடு நிறுத்துவதில்லை. மூளை அதிர்ச்சியையும் தடுக்கும் என்று அட்டையில் போட்டுவிடுகிறார்கள். ஐஸ் ஹாக்கியில் மட்டும் ஓரளவு சாதகமான முடிவுகள் வந்திருக்கின்றன. மற்ற ஆட்டங்களில் அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. பல்லைக் காக்கும் என்பதே வாங்குவதற்குப் போதுமான காரணம். எதற்கு மண்டையை இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் கட்டுரைகள் எல்லாமே தவறாமல் மேற்கோள் காட்டும் நியூசிலாந்துக் கதைக்கு வருவோம். அங்கே ரக்பியில் 1990-களின் கடைசியில் மவுத்கார்டைக் கட்டாயமாக்கினார்கள். முதலில் இளையோருக்கு, பிறகு எல்லோருக்கும். 1993-ல் 67 சதவீதம் பேர் போட்டுக்கொண்டிருந்தார்கள், 2003-ல் 93 சதவீதம். 1995-க்கும் 2003-க்கும் இடையில் ரக்பி தொடர்பான பல் சிகிச்சைக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன. இதைப் படித்துவிட்டு நம் ஆட்கள் எழுதுவது: 'ஆகவே இந்தியாவிலும் கட்டாயமாக்க வேண்டும்.'

அந்த 43 எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். நியூசிலாந்தில் விபத்து இழப்பீட்டுக் கழகம் என்று ஒரு அரசு அமைப்பு 1974 முதல் இருக்கிறது. யார் மேல் தப்பு என்று பார்க்காமல், விபத்தில் அடிபட்ட எவருக்கும் சிகிச்சைச் செலவில் பங்கு கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பல் போனால் திங்கட்கிழமை அது அரசாங்கக் கணக்கில் ஒரு பதிவு. பணம் கட்டுகிறவன் கணக்கு வைக்கிறான். கணக்கு வைத்திருப்பதால் எவ்வளவு செலவாகிறது என்று அவனுக்கு உறைக்கிறது. அதனால்தான் மவுத்கார்டைக் கட்டாயமாக்க அவனுக்கு அக்கறை வந்தது, அதனால்தான் பலனையும் அளக்க முடிந்தது. நம்ம ஊரில் கபடியில் பல் போனால் அது அந்தப் பையனுடைய அம்மா வாங்கும் நகைக்கடனாக மாறுகிறது. அந்தக் கடன் எந்தச் சதவீதத்திலும் ஏறாது. நம் கட்டுரைகள் நியூசிலாந்திலிருந்து ரிசல்டை மட்டும் இறக்குமதி செய்கின்றன, அதைத் தந்த ரெஜிஸ்டரை விட்டுவிடுகின்றன.

ஆட்டம் என்றால் என்ன என்பதிலும் இதே கோளாறு. குத்துச்சண்டை, ஹாக்கி, கூடைப்பந்து, கபடி எல்லாவற்றையும் 'உடல் மோதும் ஆட்டங்கள்' என்று ஒரே அட்டவணையில் அடைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றின் கதையும் வேறு.

குத்துச்சண்டையில் மவுத்கார்டு புகுந்ததே சண்டை போட்டுத்தான். லண்டன் பல் மருத்துவர் வுல்ஃப் கிராஸ் 1890-களில் குட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பட்டையை வீரர்களின் பல்மேல் ஒட்டிப் பார்த்தார். அவர் மகன் பிலிப் கிராஸ் கழற்றி மாட்டும்படி ரப்பரில் செய்தார். அதைப் போட்டு ஆடியவர் டெட் 'கிட்' லூயிஸ். 1921-ல் நியூயார்க்கில் ஜாக் பிரிட்டனோடு மோதும்போது எதிர்த்தரப்பு மேனேஜர் ஆட்சேபிக்க, லூயிஸ் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. பல்லைக் காப்பது அன்று ஏமாற்று வேலை மாதிரிப் பார்க்கப்பட்டது! 1927-ல் ஜாக் ஷார்க்கியோடு ஆடிய மைக் மெக்டீக், தன் உடைந்த பல் தன் உதட்டையே அறுத்து, கையில் இருந்த ஆட்டத்தைப் பறிகொடுத்த பிறகுதான் மனசு மாறியது. இன்று அமெச்சூர் பாக்சிங்கில் கம் ஷீல்டு இல்லாமல் வளையத்துக்குள் ஏற விடமாட்டார்கள். சிவப்பு நிறத்திலும் இருக்கக்கூடாது, ரத்தம் வந்தால் தெரியாமல் போய்விடும். ஹாக்கி விதியில் களத்து ஆட்டக்காரர்கள் கால், கணுக்கால், வாய்க்குக் காப்பு போட்டுக்கொள்வது நல்லது என்று பரிந்துரையாகவே இருக்கிறது.

கபடிக்கு இதில் எதுவுமே பொருந்தாது. ஏன் என்று எந்தக் கட்டுரையும் யோசித்ததாகத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் 'கபடி, கபடி' என்று நடுவர் காதில் தெளிவாக விழும்படி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு விட்டால் ஆள் அவுட். ஆக, கபடியில் வாய் என்பது அடிபடக்கூடிய ஒரு உறுப்பு மட்டும் இல்லை, ஆடுகிற உறுப்பு. வேறு எந்தப் பெரிய ஆட்டத்திலும் இப்படிக் கிடையாது. இப்போது அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'க' தொண்டைப் பக்கம், மவுத்கார்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 'ப' சொல்ல ரெண்டு உதடும் சேர வேண்டும். முன்பல்லுக்கு வெளியே 4 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்று இருந்தால் மேலுதடு அதைத் தாண்டி இறங்கி வர வேண்டும். 'டி'தான் பெரிய சிக்கல். நாக்கு நுனி மடிந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும், அங்கே மவுத்கார்டின் உள்விளிம்பு இருந்தால் நாக்கு அதில் இடிக்கும். பழைய பேரான சடுகுடு என்று பாடினாலும் இதே 'டு' வந்து நிற்கும்.

நான் இதை எங்க பக்கத்து டீம் ஒன்றில் ஆடும் ஒரு பையனிடம் கேட்டேன். சிரித்துவிட்டான். "அண்ணே, ஆன்லைன்ல முன்னூறு ரூபாய்க்கு வாங்கினேன். சுடுதண்ணில போட்டுக் கடிச்சு ஷேப் பண்ணேன். ரெய்டு போனா வாயில இட்லி வெச்சுகிட்டுப் பாடற மாதிரி இருக்கு. அம்பயர் ரெண்டு தடவ வார்னிங் குடுத்தாரு. இப்போ டிபென்ஸ் நிக்கும்போது மட்டும் போடலாம்னா, ரெய்டுக்கு எந்திரிக்கறப்ப கழட்டி எங்க வெக்கறது? டவுசர்ல பாக்கெட் கிடையாது." விழிப்புணர்வுக் கேள்வித்தாளில் இவன் 'தெரியும்' என்று டிக் அடிப்பான், 'போடுவதில்லை' என்றும் டிக் அடிப்பான். கட்டுரை அவனை 'அறிவு உண்டு, மனப்பான்மை சரியில்லை' என்ற கட்டத்தில் போட்டுவிடும். பாக்கெட் இல்லாத டவுசருக்கு அங்கே கட்டம் இல்லை.

அவன் வாங்கியது கடித்து வடிவமைக்கும் ரகம். வெந்நீரில் இளக வைத்துக் கடிக்கும்போது முன்பல் இருக்கும் இடத்திலேயே மெலிந்துபோவது அதன் பலவீனம். எங்கே தடிமன் வேண்டுமோ அங்கேயே இருக்காது. பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்வது வேறு. மேல்வரிசைப் பல்லுக்கு அச்செடுத்து, ஜிப்சம் பொடியில் வார்ப்பு செய்து, சூடாக்கிய ஷீட்டை அதன்மேல் உறிஞ்சி இழுக்கும் மிஷினில் படிய வைத்து, விளிம்பைக் கத்தரித்துத் தருவார்கள். கவ்விக்கொள்ளும், வாய் திறந்தாலும் விழாது. அண்ணத்துப் பக்க விளிம்பைக் குறைத்து வெட்டினால் பேச்சும் மூச்சும் எளிதாகும், முன்பல்லுக்குக் கிடைக்கும் காப்பு அதனால் பெரிதாகக் குறைவதில்லை. அதாவது 'டி' பிரச்சினைக்குத் தீர்வு கத்தரிக்கோலில் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். சோதனை செய்வது கஷ்டமே இல்லை: பத்து ஆட்டக்காரர், ஆளுக்கு ரெண்டு விதமாக வெட்டிய கார்டு, எது போட்டிருக்கிறார்கள் என்று தெரியாத ஒரு நடுவர், பாட்டு தெளிவா இல்லையா என்று அவர் குறிக்க வேண்டும். ஒரு வாரத்து வேலை. இருபது கேள்வி கேட்பதைவிடக் கம்மி செலவு.

அந்த ஷீட் விஷயம் எங்க ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கும். மவுத்கார்டு செய்வது எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பொருளில். அதாவது ஈ.வி.ஏ. நாட்றம்பள்ளியிலிருந்து வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ஷூ கம்பெனி பஸ் ஏறுகிற எந்த அக்காவைக் கேட்டாலும் ஈவிஏ என்றால் என்னவென்று தெரியும். அடிப்பாகத்துக்கும் உள்பாகத்துக்கும் போடுகிற மெத்தென்ற ஷீட். குடும்பம் ஒன்றுதான், ஆனால் வேறு ரகம். செருப்பு ஷீட்டில் நுரைக்க வைக்கும் ரசாயனமும் வேறு சேர்மானங்களும் இருக்கும், வாயில் வைக்கிறது அதெல்லாம் இல்லாத தெளிவான கெட்டி ஷீட். ஆகவே யாரும் கம்பெனி கழிவுத் துண்டைக் கொண்டுவந்து பரிசோதனை செய்துவிடாதீர்கள். ஆனால் காலுக்கடியில் அதிர்வைத் தாங்கும் பொருளை வெட்டி, ஒட்டி, உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிற ஒரு பகுதியில் அதே குடும்பத்துப் பொருள் பல்லுக்கு வராமல் இருப்பதற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்பதை எப்படிக் காரணமாகச் சொல்வது? வாங்குகிறவன் இல்லை. கட்டாயப்படுத்துகிறவன் இல்லை. செலவை ஏற்கிறவன் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கேள்வித்தாளில் பிடிக்கவே முடியாது. அடிபடுவதில் நமக்கு இருக்கும் ஒரு ரசனை. 2002 மே மாதம் ஆன்டிகுவா டெஸ்டில் மெர்வின் டில்லன் போட்ட பந்தில் அனில் கும்ப்ளேவுக்குத் தாடை உடைந்தது. தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து 14 ஓவர் போட்டார், லாராவை எல்பிடபிள்யூ எடுத்தார். நானும் அந்தப் படத்தைப் பார்த்து சிலிர்த்தவன்தான். அது வீரம், மறுக்கவில்லை. ஆனால் தாடையை இறுக்கிக் கட்டிய அந்தப் படம் எத்தனை பயிற்சியாளர்களுக்குப் பாடமாகப் போயிருக்கிறது, ஹெல்மெட் கம்பி இடைவெளி பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? நம் சினிமாவில் கடைவாயில் வழியும் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தால் அடுத்து கதாநாயகன் ஜெயிக்கப்போகிறான் என்று அர்த்தம். அந்த வாயில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஒன்றை வைத்தால் காட்சி கெட்டுப்போகும். கபடி கிரவுண்டில் பதினாலு வயதுப் பையன் அதைப் போட்டுக்கொண்டு வந்தால் கேட்கிற முதல் வார்த்தை என்னவென்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பதினாலு வயதுதான் எனக்குக் கவலை. அடிபடுவது பெரும்பாலும் மேல் முன்பல் ரெண்டும்தான். பல் தூக்கலாக இருந்து உதடு சரியாக மூடாத பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வேரோடு விழுந்துவிட்டால் அந்த வயதில் இம்பிளான்ட் வைக்க முடியாது, தாடை வளர்ந்து முடியக் காத்திருக்க வேண்டும். அதுவரை நாலைந்து வருஷம் கழற்றி மாட்டும் கட்டுப் பல். பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், கம்பெனி இன்டர்வியூவில், பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் எங்கெங்கோ. காதலும் கல்யாணமும் முன்பல்லைப் பார்த்துத்தான் நடக்கின்றன என்று சொல்லவில்லை, ஆனால் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் ஒருமுறை வந்தால் லேசில் போகாது.

இங்கேதான் நம் ஆய்வுகளில் ஒன்றைப் பாராட்ட வேண்டும். 2008-ல் சென்னையில் கோபிகிருஷ்ணாவும் சக ஆய்வாளர்களும் ஒரு எளிமையான கேள்வி கேட்டார்கள்: விழுந்த பல்லை மருத்துவரிடம் போகும்வரை எதில் போட்டு வைக்கலாம்? வேரைச் சுற்றியுள்ள செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் திரும்ப ஒட்டும். பால், தேன்பிசின், ஹாங்க்ஸ் கரைசல், இளநீர் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். இளநீரில் செல்கள் அதிகம் பிழைத்தன. பிறகு பிரேசிலில் செய்த ஆய்வில் இளநீருக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடைக்கவில்லை, அதன் அமிலத்தன்மை ஒரு காரணம். சர்வதேச வழிகாட்டுதல் பாலைத்தான் முன்னால் வைக்கிறது. பரவாயில்லை. முடிவு நிற்கிறதோ இல்லையோ, கேள்வி இந்த மண்ணிலிருந்து வந்தது. கிரவுண்டுக்கு வெளியே என்ன கிடைக்கும் என்று யோசித்தவர் கேட்ட கேள்வி. மறுத்தவர்களும் அதைச் சோதித்துத்தான் மறுத்தார்கள். விழிப்புணர்வுக் கட்டுரையை யாராலும் மறுக்க முடியாது. அதுவே அதன் குறை.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் இந்தப் பக்கத்தைப் படிக்கும் நாலு பேரில் ரெண்டு பேர் டோர்னமென்ட் நடத்துகிறவர்கள். நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பாகத்தைப் பிடித்து எடுக்கணும். மண்ணு இருந்தா பாலில் அலசணும், அல்லது குழாய்த் தண்ணியில் சில வினாடி காட்டணும், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அங்கேயே அந்தக் குழியில் வைத்து, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லிக் கூட்டிப் போகணும். முடியலைன்னா பாலில் போட்டு எடுத்துட்டுப் போகணும். காய்ந்த நிலையில் ஒரு மணி நேரம் தாண்டினால் அந்தச் செல்கள் செத்துவிடும். திருப்பத்தூருக்கோ வாணியம்பாடிக்கோ பஸ் பார்த்துப் போகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைப்பதுதான் இங்கே வழக்கம், அதுதான் மோசம். சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதெல்லாம் தானாக விழும் பால்பல்லுக்கு. அடிபட்டு விழுந்த பால்பல்லையும் திரும்ப வைக்கக் கூடாது, உள்ளே வளரும் பல் கெட்டுவிடும்.

ஆய்வு மாணவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கேள்வித்தாளை அச்சடிக்க வேண்டாம். பொங்கல் சமயத்தில் ஏலகிரி அடிவாரத்திலிருந்து நாட்றம்பள்ளி வரைக்கும் ஊருக்கு ஊர் மைக் கட்டிக் கபடி நடக்கும். ஸ்கோர் எழுதுகிறவர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். எத்தனை ஆட்டம், எத்தனை ரெய்டு, எத்தனை வாய்க்காயம், ரெய்டரா டிபெண்டரா, எது இடித்தது: முழங்காலா, மண்டையா, தரையா. மண் தரையா மேட்டா. பல் என்ன ஆச்சு, எத்தனை நிமிஷத்தில் யார் பார்த்தார்கள், எவ்வளவு ஆச்சு, யார் கொடுத்தார்கள். விரல்நகத்தை வெட்டச் சொல்லியும் உடம்பில் எண்ணெய் தடவக் கூடாதென்றும் விதி வைத்திருக்கிற ஆட்டம் இது, பல்லுக்கு விதி வைக்கவும் யோசிக்காமல் போகாது, ஆனால் முதலில் யாராவது எண்ணிக் காட்ட வேண்டும்.

எங்க பக்கத்துக் கமிட்டி ஒன்றில் நோட்டு வைக்க ஒத்துக்கொண்டார்கள். முதலுதவிப் பெட்டியோடு அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று ஐஸில் வைக்கவும் ஒத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்தால் அதில் டீ போட்டுக்கலாமா என்று பொருளாளர் கேட்டார், போட்டுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.